காற்றின் வேலை என்று நினைத்தார்கள்

இந்த வாரம் என் பையில் மூன்று கட்டுரைகள் இருந்தன. ஒன்று வண்டைப் பற்றியது, இன்னொன்று 12 வயதுப் பையனைப் பற்றியது, மூன்றாவது வௌவாலைப் பற்றியது. ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கும் என்று நினைத்து எடுத்து வைக்கவில்லை. குளுவாங்கில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் போனேன். வழியில் படிக்கலாமே என்று கைக்கு வந்ததைத் திணித்துக்கொண்டேன். படித்து முடித்த பிறகுதான் மூன்றும் ஒரே கேள்வியைச் சுற்றி வருவது தெரிந்தது. பூ காயாகிறது. அந்த வேலையைச் செய்தது யார்?

நீங்கள் ஜொகூரில் எந்தப் பக்கம் பயணம் செய்தாலும் சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வந்துகொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மரம். அதனால்தான் முதலில் வண்டுக் கட்டுரையை எடுத்தேன். 1983இல் டேவிட் கிரேட்ஹெட் என்ற பூச்சியியலாளர் எழுதியது. செம்பனைக்கு மகரந்தச் சேர்க்கை செய்யும் அந்த வண்டைப் பல மில்லியன் டாலர் வண்டு என்று தலைப்பிலேயே சொல்கிறார். அந்த வண்டு நம் நாட்டில் முதன்முதலாகத் திறந்துவிடப்பட்ட இடம் எது தெரியுமா? நான் போய்க்கொண்டிருந்த அதே குளுவாங் வட்டாரம்தான்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவோம். செம்பனை நம் மண்ணின் மரம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1848இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரப் பூங்காவில் 4 கன்றுகள் நடப்பட்டன. மலாயாவுக்கு முதலில் அலங்கார மரமாகத்தான் வந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகத்துக்காக நட்டார். மரம் வந்தது, மண் பிடித்தது, மழையும் வெயிலும் ஒத்துக்கொண்டன. ஆனால் காய் மட்டும் எதிர்பார்த்த அளவுக்குப் பிடிக்கவில்லை. குலையில் பாதிப் பழம் உருண்டு திரண்டிருக்கும், மீதி சூம்பிக் கிடக்கும்.

ஏன் என்று புரிந்துகொள்ள மரத்தின் குணம் தெரிய வேண்டும். செம்பனையில் ஆண் பாளை தனி, பெண் பாளை தனி. இரண்டும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் ஒரே நேரத்தில் வராது. சில மாதங்கள் ஆண் பாளையாகவே விடும், பிறகு சில மாதங்கள் பெண் பாளை. ஆகவே மகரந்தம் வேறொரு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருப்பதோ சில நாள்கள்தான். அதற்குள் யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

யார் சேர்ப்பது? அன்றைய தோட்டக்கலைப் புத்தகங்கள் காற்று என்றன. அப்படி நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. செம்பனைப் பூவுக்குக் கண்ணைக் கவரும் இதழ் இல்லை, மகரந்தமோ ஏராளம், தூள் போல இலேசானது. உங்கள் உயிரியல் பாடத்தில் காற்றுவழி மகரந்தச் சேர்க்கைக்குச் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அப்படியே பொருந்துகின்றன. காற்று போதவில்லை என்றால் மனிதர் உதவட்டும் என்று தோட்டங்கள் முடிவு செய்தன. ஆண் பாளையிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, முகப்பவுடர் செய்யப் பயன்படும் டால்க் தூளோடு கலந்து, பெண் பாளையில் ஊதுவார்கள். வரிசை வரிசையாக, மரம் மரமாக, சில நாள்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப.

என் பெரியம்மா அந்த வேலை செய்தவர். சிறு வயதில் எங்களுக்கு அவர் சொன்ன பெயர் "பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை". நாங்கள் சிரிப்போம். மரத்துக்கு யாராவது பவுடர் அடிப்பார்களா என்று கேலி செய்வோம். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை என்பது இந்த வயதில், ஓடும் ரயிலில், ஒரு பூச்சியியல் கட்டுரையைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

லெஸ்லி டேவிட்சன் என்பவர் யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டத் துறையில் இருந்தவர். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு சபாவுக்கு வந்தார். இரண்டு இடத்திலும் அதே மரம். கேமரூனில் யாரும் பவுடர் அடிக்கவில்லை, குலைகள் நிறைந்திருந்தன. சபாவில் அடித்தும் போதவில்லை. கேமரூனில் பூத்த பாளைகளைச் சின்னஞ்சிறு வண்டுகள் மொய்த்துக் கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். சபாவில் அந்த வண்டு இல்லை. காற்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்றால் இரண்டு நாட்டுக் காற்றுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்?

இந்தச் சந்தேகத்தைச் சோதிக்க 1970களின் பிற்பகுதியில் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கேமரூன் போனார். அவர் செய்த சோதனையின் அடிப்படை எளிமையானது. பூச்சிகள் நெருங்க முடியாதபடி சில பெண் பாளைகளை மறைத்தார், மற்றவற்றை அப்படியே விட்டார். மறைத்தவற்றில் காய் மிகக் குறைவாகவே பிடித்தது. அவருடைய ஆய்வுக் கட்டுரை 1979இல் வெளிவந்தது. பல ஆண்டுகளாகப் புத்தகங்களில் இருந்த "காற்று" என்ற பதில் அதோடு ஆட்டம் கண்டது.

கதாநாயகனின் பெயர் எலைடோபியஸ் கேமரூனிக்கஸ். மூக்கு நீண்ட கூன்வண்டு வகை. 3, 4 மில்லிமீட்டர் நீளம்தான், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அது வாழ்வதும் முட்டையிடுவதும் செம்பனையின் ஆண் பாளையில். பூத்து முடிந்த ஆண் பூக்களே அதன் புழுக்களுக்குச் சாப்பாடு. முட்டையிலிருந்து வண்டாவதற்கு இரண்டு வாரத்துக்கும் குறைவான காலமே போதும். ஆண் பாளை விரியும்போது சோம்பு வாசனை வரும். நீங்கள் நேரில் போய் முகர்ந்தால் யாரோ பக்கத்தில் மசாலா வறுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். அதற்குக் காரணம் எஸ்ட்ரகோல் என்ற வேதிப்பொருள். சோம்பிலும் அது இருக்கிறது. அந்த வாசனைக்கு வண்டுகள் கூட்டமாக வருகின்றன, மகரந்தத்தில் புரளுகின்றன.

இங்கே மரம் ஒரு தந்திரம் செய்கிறது. பெண் பாளையும் அதே வாசனையைச் சற்றுக் குறைவாக விடுகிறது. விருந்து இருக்கிறது என்று நம்பி வண்டு போகிறது. அங்கே சாப்பிட ஒன்றுமில்லை. ஏமாந்து திரும்புகிறது, ஆனால் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. மரத்துக்கு அது போதும்.

"சரி, வண்டைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டால் வேலை முடிந்தது" என்று உங்களுக்குத் தோன்றலாம். அவசரப்பட்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். 1935இல் ஆஸ்திரேலியாவில் கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்கத் தென் அமெரிக்கத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். தேரை வண்டுகளை ஒழிக்கவில்லை, அந்த நாட்டின் பிராணிகளைத்தான் பாதித்தது. இன்றுவரை அதோடு போராடுகிறார்கள். நம் வண்டு விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. வேறு பயிர்களில் இந்த வண்டு இனம் பெருக்குமா, எதையாவது சேதப்படுத்துமா, அதன் உடலோடு நோய் ஏதாவது வந்து சேருமா என்று முதலில் சோதித்தார்கள். தனிமைப்படுத்தி வளர்த்துப் பார்த்தார்கள். அதன் பிறகே 1981 பிப்ரவரியில் குளுவாங் மாமோர் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் சபாவிலும் விட்டார்கள்.

பிறகு நடந்ததைப் பெரியம்மா வாயாலேயே கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"பெரியம்மா, அந்தப் பவுடர் அடிக்கிற வேலை எப்போ நின்னுச்சு?"

"பூச்சி வந்துச்சுல்ல, அப்பத்தான். மண்டோரு வந்து, இனிமே பவுடருக்கு ஆள் வேணாம்னுட்டாரு. பூச்சி சம்பளம் கேக்காதுல்லப்பா."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"உதிர்ந்த பழம் பொறுக்கப் போட்டாங்க. மொதல்ல கொஞ்ச நாளு வேல இல்ல, கஷ்டந்தான். அப்புறம் பழம் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

கட்டுரையில் இதே செய்தி "தொழிலாளர் செலவு மிச்சமானது" என்ற ஒரே வரியில் இருக்கிறது. அந்த வரி பொய் என்று சொல்ல வரவில்லை. அது கணக்கைத் தோட்டத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறது. அந்தப் பக்கத்தில் மிச்சமான செலவு, லயத்து வீட்டில் நின்றுபோன நாள் சம்பளம். ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது இப்படிப்பட்ட வரி வந்தால் நான் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். இந்த வாரம் கோடு போட்ட வரி அது.

இன்னோர் எண்ணையும் பாருங்கள். மலேசியாவின் பாமாயில் உற்பத்தி 1981இல் சுமார் 2.8 மில்லியன் டன். 1982இல் சுமார் 3.5 மில்லியன் டன். வண்டு செய்த அற்புதம் என்று உடனே எழுதிவிடலாம், பலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் 1983இல் அது மறுபடி சுமார் 3 மில்லியன் டன்னாக இறங்கியது. வண்டு எங்கேயும் போய்விடவில்லை. அந்த ஆண்டுகளில் புதிதாக நட்ட மரங்களும் காய்ப்புக்கு வந்துகொண்டிருந்தன, மழையும் கூடிக் குறைந்தது, ஒரே ஆண்டில் அளவுக்கு மீறிக் காய்த்த மரம் அடுத்த ஆண்டு களைத்துப்போவதும் உண்டு. வண்டால் காய்ப்பு கூடியது என்பதில் ஐயமில்லை, குலைகளைப் பிரித்து எண்ணிப் பார்த்தே அதை நிறுவினார்கள். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தி எண்ணை மட்டும் வைத்து வண்டின் பங்கை அளக்க முடியாது. தேர்வில் "வரைபடத்தைக் கொண்டு விளக்குக" என்று கேட்டால் இது நினைவிருக்கட்டும்.

அண்மைய ஆண்டுகளில் சில இடங்களில் குலைகள் மறுபடி சரியாக நிறைவதில்லை என்று செய்தி வருகிறது. ஏன் என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். சில வண்டுகளின் உடலில் நூற்புழுக்கள் ஒட்டுண்ணியாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் கொண்டுவந்த சிறு கூட்டத்திலிருந்தே எல்லா வண்டுகளும் பெருகியதால் மரபணு வகைகள் குறைந்துவிட்டனவா என்றும் பார்க்கிறார்கள். உங்களில் யாராவது உயிரியல் படிக்கப் போனால் இந்தக் கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கும்.

எட்மண்டின் கட்டைவிரல்

இரண்டாவது கட்டுரை வெனிலாவைப் பற்றியது. ஐஸ்கிரீம் வாசனை என்றுதான் நமக்குத் தெரியும். அது ஒரு கொடி, ஆர்க்கிட் குடும்பம், சொந்த ஊர் மெக்சிகோ. ஐரோப்பியர்கள் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூவும் பூத்தது, காய் மட்டும் இல்லை. நம் செம்பனைக் கதையேதான். 1836இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற அறிஞர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் காட்டினார். ஆனால் அந்த முறை தோட்ட வேலைக்கு எடுபடவில்லை.

1841இல் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் எட்மண்ட் என்ற அடிமைச் சிறுவன் வழி கண்டான். வயது 12. உங்களில் படிவம் ஒன்று மாணவரைவிடச் சிறியவன். வெனிலா பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே சவ்வு போல ஒரு மடல் இருக்கிறது. மெல்லிய குச்சியால் அதைத் தூக்கிக் கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவிட்டான். சில நொடி வேலை. பள்ளிக்கூடம் போகாத பையன், எஜமானரோடு தோட்டத்தில் நடந்து நடந்து செடிகளைத் தெரிந்துகொண்டவன். அந்த முறையைத் தீவெங்கும் போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான். பின்னாளில் ஒரு தாவரவியலாளர் அது தன் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடினார். எட்மண்டின் எஜமானரே எழுந்து, இல்லை, இந்தப் பையன்தான் என்று எழுதினார். அதனால்தான் இன்று நமக்குப் பெயர் தெரிகிறது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது எட்மண்ட் அல்பியஸ் என்ற முழுப்பெயர் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. 1880இல் ஏழையாகவே இறந்தார்.

அதே ரியூனியனின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களும் கப்பலேறிப் போனார்கள், அவர்களின் வம்சாவளியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். இன்னொரு வாரம் அதைப் பற்றிப் படித்துவிட்டுச் சொல்கிறேன். இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. செம்பனைக்கு வண்டு கிடைத்தது, வெனிலாவுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தோட்டங்களில் விளையும் வெனிலாவில் ஏறக்குறைய எல்லாம் இன்றும் எட்மண்ட் செய்தது போலவே, ஒவ்வொரு பூவாகக் கையால் சேர்க்கப்படுகிறது. பூ விரிந்திருப்பதோ ஒரே நாள். அசல் வெனிலா ஏன் அவ்வளவு விலை என்று கேட்டால் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

வௌவால் மேல் விழுந்த பழி

குளுவாங் என்ற பெயர் எப்படி வந்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மலாய் மொழியில் கெலுவாங் என்றால் பெரிய பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும். ஒரு காலத்தில் அந்தி நேரத்தில் வானத்தை மறைக்கும் என்பார்கள். நான் அன்று ஊரில் இருந்த வரைக்கும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வேட்டையும் காடழிப்பும் அவற்றைக் குறைத்துவிட்டன. டுரியான் தோட்டக்காரர்களுக்கும் அவற்றைப் பிடிக்காது. இரவில் வௌவால் வந்து போகிறது, காலையில் பார்த்தால் மரத்தடியில் பூ கொட்டிக் கிடக்கிறது. வேறு என்ன நினைப்பார்கள்?

மூன்றாவது கட்டுரை இதைத்தான் விசாரித்தது. மலேசிய ஆய்வாளர் ஷீமா அப்துல் அஜிஸும் அவர் குழுவினரும் தியோமான் தீவில் டுரியான் மரங்களில் கேமராக்களைக் கட்டிவைத்தார்கள். மெர்சிங் துறையில் படகேறி நாம் சுற்றுலா போகும் அதே தியோமான்தான். கேமராவில் தீவு வௌவால்கள் வந்தன, தேனை நக்கின, போய்விட்டன. காயாகும் பாகத்துக்குச் சேதம் இல்லை. அவை வந்துபோன பூக்களில் காய் பிடிப்பது கூடியிருந்தது. 2017இல் முடிவை வெளியிட்டார்கள். காலையில் கொட்டிக் கிடப்பவை பெரும்பாலும் தானாக உதிர்பவை. டுரியான் பூ மாலையில் விரியும், இரவில் வேலை முடியும், விடிவதற்குள் இதழையும் மகரந்தத் தாளையும் கொட்டிவிடும். வௌவால் வராத மரத்தின் கீழும் அப்படித்தான் கொட்டும். ஆனால் அந்த மரத்தை யாரும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கவில்லை.

வௌவால் நல்லது என்று படித்துவிட்டுக் கையில் பிடிக்கப் போய்விடாதீர்கள். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் பரவிய நிப்பா நோயின் கிருமி இயற்கையாக வாழ்வது பழந்தின்னி வௌவால்களில்தான். அது கடித்த பழத்தையும் தொட வேண்டாம். தூரத்திலிருந்து பாருங்கள், கேமரா அதைத்தான் செய்தது.

ரயிலில் திரும்பும்போது நானும் ஏதாவது மறைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. செம்பனைப் பாளையை மறைக்கப் போனால் முள் குத்தும், நாகப்பாம்பும் இருக்கும், அதை விட்டுவிடுவோம். பூசணி போதும். உங்கள் பள்ளித் தோட்டத்திலோ வீட்டுப் பின்புறத்திலோ ஒரு பூசணிக் கொடி இருந்தால் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒரு வீக்கம் இருக்கும், ஆண் பூவில் இருக்காது. நாளைக் காலையில் விரியப்போகும் பெண் பூக்களில் ஆறை இன்று மாலையே தேர்ந்தெடுங்கள். இரண்டை அப்படியே விடுங்கள். நான்கை மெல்லிய வலைத்துணியால் கட்டுங்கள். காற்று போக வேண்டும், தேனீ போகக் கூடாது. காலையில் கட்டிய நான்கில் இரண்டைத் திறந்து, ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவி மறுபடி கட்டிவிடுங்கள். பூ வாடிய பிறகு துணியை அவிழ்த்துவிட்டு, ஒரு வாரம் பொறுத்து எது காயாகிறது, எது மஞ்சளாகி விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு பூ மிகக் குறைவு. வகுப்பில் ஐந்து பேர் செய்து கணக்கைச் சேர்த்தால் இன்னும் நம்பகமாக இருக்கும். தேதி, மழை பெய்ததா, எத்தனை மணிக்குக் கட்டினீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

என் வீட்டுக் கொடியில் நேற்று மாலை ஆறு பூவைத் தேர்ந்தெடுத்து நான்கைக் கட்டினேன். இரவு காற்றோடு நல்ல மழை. காலையில் ஒரு துணி அவிழ்ந்து கிடந்தது. அந்தப் பூவைக் கணக்கில் சேர்க்கவில்லை.